ஒன்பது உடல் ஒட்டிய மிருகம்: இது எந்தப் புராணத்தில் வருகிறது?

#1 தெற்குவாசல்

வணக்கம். போன மாதம் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூரி போயிருந்தேன். தரிசனம் முடிந்த மறுநாள் ரகுராஜ்பூருக்கும் ஒரு நடை போய்வந்தோம். தென்னை மரங்களுக்கு நடுவே எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், வீட்டுக்கு வீடு சித்திரக்காரர்கள். எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு படத்தை விரித்துவிடுகிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு வாங்கிவிட்டேன்.

முதல் படத்தில்தான் சந்தேகம். துணிமேல் வரைந்தது, ஒரு முழ நீளம் இருக்கும். நடுவில் விசித்திரமான ஒரு மிருகம் மூன்று காலில் நிற்கிறது. தலை சேவல். கழுத்து மயில். முதுகில் காளைத் திமில். இடுப்பு சிங்கம். வால் பாம்பு, அதுவும் படமெடுத்து நிற்கிறது. கால்கள் மூன்றும் மூன்று தினுசு. நாலாவது கால் இருக்கவேண்டிய இடத்தில் மனிதக் கை, அதில் ஒரு தாமரை. எதிரே வில்லோடு ஒருவர். வரைந்தவர் அரைகுறை இந்தியில் 'அர்ஜுன்' என்றார். என் இந்தி அதைவிட அரைகுறை, மேலே பேச முடியவில்லை.

அப்பா வில்லிபாரதத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தவர். "பாரதத்தில் இப்படி ஒரு மிருகம் வரவே வராது, உன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்கள்" என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இது என்ன?

#2 சித்திரகுப்தன்

நவகுஞ்சரம். அப்பா சொன்னதும் சரி, உங்களை யாரும் ஏமாற்றவும் இல்லை.

15ஆம் நூற்றாண்டில் சாரளா தாசர் ஒடியாவில் ஒரு மகாபாரதம் எழுதினார். வியாசரை வரிக்கு வரி ஒடியாவாக்கியதல்ல, அந்த மண்ணின் கதைகளையெல்லாம் உள்ளே இழுத்துப்போட்ட பாரதம். அதில் வருகிறது இந்தக் கதை. அர்ஜுனன் காட்டில் தனியாகத் தவம் இருக்கிறான். திடீரென்று இப்படி ஒரு பிராணி எதிரில் வந்து நிற்கிறது. பயந்துபோய் வில்லை எடுக்கிறான், அம்பும் பூட்டிவிட்டான். அப்போதுதான் அந்தக் கை கண்ணில் படுகிறது. மிருகத்துக்கு ஏது மனிதக் கை, கையில் ஏது தாமரை என்று யோசிக்கிறான். கிருஷ்ணன்தான் விளையாடுகிறான் என்று புரிந்ததும் வில்லைக் கீழே போட்டுவிட்டு விழுந்து கும்பிடுகிறான்.

உங்கள் படத்தில் வில் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். நாண் இழுத்திருந்தால் கதையின் முதல் பாதி. தரையில் கிடந்தால் இரண்டாம் பாதி. சிலர் இரண்டையும் ஒரே படத்தில் போட்டுவிடுவார்கள், அர்ஜுனன் இரண்டு பேர் இருப்பார்கள்.

பூரிக் கோயில் உச்சியில் இருக்கிற நீலச்சக்கரத்தின் விளிம்பிலும் நவகுஞ்சர உருவங்கள் உண்டு. கீழே நின்று பார்த்தால் தெரியாது. வட்ட வட்டமாக வரைவார்களே, கஞ்சப்பா சீட்டு, அதிலும் வரும்.

#3 மெய்யப்பன்

அப்படியானால் மூலத்தில் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. அதைத்தானே அவருடைய அப்பாவும் சொன்னார்?

தப்பாக நினைக்கவேண்டாம், இந்த நாட்டுப்புற ஓவியங்களில் எனக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. வண்ணம் அழகு, கோடு அழகு, எல்லாம் சரி. கதையில்தான் அவரவர் இஷ்டம். ஒரு மாநிலத்தில் சிவன் பானைத் தொந்தியோடு இருக்கிறார், இன்னொரு மாநிலத்தில் ராமன் மீசை வைத்திருக்கிறார். படிக்காதவர்கள் காதில் விழுந்ததை வரைந்தார்கள், அதையே நாம் மரபு என்று கொண்டாடுகிறோம். மூலத்தைப் படித்துவிட்டு வரைந்தால் என்ன குறைந்துவிடும்?

#4 வைகைக்கரை

மெய்யப்பன் ஐயா, ஒரு பழைய சுவர் ஓவியத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஓவியம் இப்போது இல்லை, அதைப் பார்த்தவர்கள் பேசியது மட்டும் இருக்கிறது.

பரிபாடல் 19. திருப்பரங்குன்றத்துக்கு மதுரை சனம் திரண்டு போகிறது. அங்கே சுவரில் எழுதிய சித்திரங்களைச் சுற்றிக் கூட்டம். "இவள் ரதியா, இவன் காமனா?" என்று சிலர் கேட்க, தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். அடுத்த படத்துக்கு நகர்கிறார்கள். அங்கே ஒருவர் விரல் நீட்டிச் சொல்கிறார்: 'இந்திரன் பூசை; இவள் அகலிகை; இவன் சென்ற கவுதமன்; சினன் உறக் கல்லுரு ஒன்றிய படி இது.'

பூசை என்றால் பூனை. இந்திரன் பூனையாகி நழுவுகிறான், கவுதமன் கோபப்படுகிறான், அகலிகை கல்லாகிறாள். ஒரு சட்டகத்தில் மூன்று நிகழ்ச்சி.

இப்போது வால்மீகியை எடுத்துப் பாருங்கள். பூனை கிடையாது. கல்லும் கிடையாது. அகலிகை யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கவேண்டும் என்பதுதான் சாபம். நம் எல்லோருக்கும் தெரிந்த கல்லும் பூனையும் கம்பனில் இருக்கின்றன. கம்பனுக்குப் பல நூற்றாண்டு முன்பே பரங்குன்றத்துச் சுவரிலும் இருந்தன. எழுதினவன் வால்மீகியைப் படிக்காத தப்பா அது? ஊரில் அந்தக் கதை அப்படித்தான் நடமாடியது. அதனால்தான் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண ஆள் விரல் நீட்டியே விளக்க முடிந்தது.

#5 மெய்யப்பன்

பூனை சமாச்சாரம் எனக்குப் புதிது. கம்பனில் படித்திருக்கிறேன், வால்மீகியில் இல்லை என்பதைக் கவனித்ததில்லை. ஒரு புள்ளி உங்களுக்கு.

ஆனாலும் எல்லாவற்றையும் 'ஊர் வழக்கு' என்ற கணக்கில் எழுதிவிட முடியாது. வரைகிறவருக்கு வேறு மாதிரி வராததாலும் இருக்கலாம் அல்லவா?

#6 கடுக்காய்

மெய்யப்பன் சார் கேள்விக்குப் பாதிப் பதில் என்னிடம் இருக்கிறது. நான் ஸ்ரீகாளஹஸ்தியில் நாலு மாதம் தங்கிக் கலம்காரி கற்றுக்கொண்டவள். வேறு மாதிரி வராமல் வரைகிற ஆள் யாரையும் அங்கே நான் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், முன்னால் புத்தகமும் இருக்காது, மாதிரிப் படமும் இருக்காது.

முதலில் துணி. வெளுக்காத பருத்தித் துணியைக் கஞ்சி போக அலசி, அரைத்த கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முக்கிப் பிழிந்து காயவைப்போம். கடுக்காய் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பால் எதற்கென்றால், அதில் உள்ள கொழுப்பு மையை ஊறிப் பரவ விடாது. எருமைப்பால்தான் வேண்டும், பசும்பாலில் அந்தக் கொழுப்பு இல்லை. நாத்தத்தைப் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

கலம் என்பது ஒரு மூங்கில் குச்சி. நுனியைக் கூராகச் சீவி, அதற்குக் கொஞ்சம் மேலே துணியைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். துணி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் அழுத்த அழுத்த நுனிக்கு இறங்கும். புளியங்குச்சியைச் சுட்ட கரியில் முதலில் லேசாக ஒரு கோடு, அதன்மேல் கலத்தால் கறுப்பு.

அந்தக் கறுப்பு வருகிற விதம்தான் வேடிக்கை. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்காகப் புளிக்கவைத்த தண்ணீர் அது. அங்கே கசிமி என்பார்கள். பானையில் பார்த்தால் கலங்கல் தண்ணீர். துணியில் பட்டதும் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கண்ணெதிரே கறுக்கும். அழிக்க முடியாது. சீதையின் மூக்கு கோணினால் கோணியதுதான். அதனால் கை தயங்கவே கூடாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முகத்தை ஒரே மூச்சில் இறக்குவார். நெற்றியில் ஆரம்பித்து மூக்கு, உதடு, முகவாய் வரை குச்சியை எடுக்கமாட்டார்.

சிவப்பு இன்னும் வேடிக்கை. சிவப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டவேண்டும். அப்புறம் ஓடுகிற தண்ணீரில் அலசி, சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். (சாயவேர் என்பது நம் ஊர் இம்பூறல்தான்.) கரைசல் காய்ந்தபின் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. நான் முதன்முதலாகச் செய்த அசோகவனத்தில், எப்போது சொட்டியதோ தெரியவில்லை, ஒரு துளி படிகாரம் சீதையின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. துணியை அண்டாவிலிருந்து எடுத்துப் பார்த்தால் கன்னத்தில் கோலிக்குண்டு அளவு சிவப்பு. சொல்லிக்கொடுத்தவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "அழுது அழுது சிவந்துவிட்டது, இருக்கட்டும்" என்றார். இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன்.

கதைக்கு வருகிறேன். நடுவில் பெரிதாகப் பட்டாபிஷேகம், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குக் கட்டம் தெலுங்கில் ஒரு வரி. எத்தனை கட்டம், எதற்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் மனக்கணக்கு. ஒருமுறை துணியில் இடம் போதவில்லை. ஆரணிய காண்டத்தில் எதை விடலாம் என்று கேட்டேன். "மாரீசனை விட்டால் கதை நின்றுபோகும், மற்றதை எதை வேண்டுமானாலும் விடு" என்றார். படிக்காதவர் பேசுகிற பேச்சா சார் இது?

#7 பச்சைமலை

கடுக்காய் அக்கா, கலம்காரி என்று கடையில் சேலை, குர்தா எல்லாம் விற்கிறார்களே, அதெல்லாம் இதுதானா?

#8 கடுக்காய்

பெரும்பாலும் இல்லை. அச்சுக்கட்டை வைத்து ஒற்றுவது மசூலிப்பட்டினம் பாணி. அது தனி மரபு, குறைவானதில்லை, ஆனால் பூ, கொடி, மயில் என்று போகும். கலத்தால் கதை எழுதுவது காளஹஸ்தி. கடையில் கிடைப்பதில் பாதி அது இரண்டும் இல்லை, மில்லில் அச்சடித்த துணி. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கடுக்காயும் சாயமும் நூலுக்குள் இறங்கியிருந்தால் பின்பக்கமும் ஏறக்குறைய முன்பக்கம் போலத் தெரியும்.

காளஹஸ்தியிலும் ஒரு கட்டத்தில் இது அணையப் பார்த்தது. கமலாதேவி சட்டோபாத்யாயா போன்றவர்கள் முயற்சி எடுத்து, 1957இல் அரசுப் பயிற்சி மையம் வந்தபிறகுதான் மூச்சு வந்தது.

#9 மெய்யப்பன்

மேடம், மாரீசன் பதில் அருமை. படிக்காதவர்கள் என்ற வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் விற்பவர்கள் விடுகிற கதையையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு கண்காட்சியில் மதுபனி ஓவியம் விற்ற பையன், சீதை கல்யாணத்துக்கு ஜனகர் வரையச் சொன்ன அதே ஓவியம் இது, ஐயாயிரம் வருடம் பழையது என்றான். படத்தின் அடியில் மை இன்னும் காயவில்லை.

#10 சித்திரகுப்தன்

ஜனகர் கதை மிதிலையில் எல்லோரும் சொல்வது. ஊர்ப்பெருமை, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெளியுலகத்துக்குத் தெரியவந்த கதை அதைவிடச் சுவாரசியம். 1934இல் பீகாரில் பெரிய பூகம்பம். சேதத்தைப் பார்வையிடப் போன ஆங்கிலேய அதிகாரி ஆர்ச்சர், இடிந்த வீடுகளின் உள்சுவர்கள் திறந்துகிடந்ததைப் பார்க்கிறார். சுவர் முழுக்கப் படம். வெளி ஆண்கள் கண்ணில் படாத அறைகள் அவை. குறிப்பாகக் கோஹ்பர் என்கிற மணவறை, அதில் தாமரைத் தண்டும் இலைகளும் மூங்கிலும் மீனும் கிளியும்.

காகிதத்துக்கு வந்தது அதற்கும் பின்னால். 1966-67இல் கடும் வறட்சி. பெண்கள் கையில் நாலு காசு பார்க்கட்டும் என்று புபுல் ஜயகர் ஏற்பாட்டில் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியர் கட்டுக்கட்டாகக் காகிதத்தோடு போனார். அதுவரை சுவர்தான், தரைதான். சீதா தேவி, கங்கா தேவி எல்லாம் அப்படி வெளியே வந்த பெயர்கள். ஆக, சுவரில் எழுதும் வழக்கத்துக்கு வயது எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், உங்கள் கையில் இருக்கும் காகிதப் படத்தின் மரபுக்கு வயது அறுபதை ஒட்டித்தான்.

இன்னொன்று. மேல்சாதி வீட்டுச் சுவர்களில் ராமனும் கிருஷ்ணனும் என்றால், துசாத் சமூகப் பெண்கள் வரைய வந்தபோது தங்கள் தெய்வமான ராஜா சல்ஹேசை வரைந்தார்கள், உடம்பில் குத்துகிற பச்சை போலவே வரிசை வரிசையாக. மெய்யப்பன் ஐயா, உங்கள் 'மூலம்' எது என்ற கேள்விக்கு அங்கே என்ன பதில் சொல்வீர்கள்?

#11 மணல்காடு

வங்கி வேலைக்காக ராஜஸ்தானில் மூன்று வருடம் இருந்தேன். அங்கே பட் என்று ஒன்று உண்டு, துணிச்சுருள். பாபுஜி, தேவநாராயணர் என்ற இரண்டு வீரத் தெய்வங்களின் கதை. பாபுஜியை லட்சுமணன் அவதாரம் என்பார்கள், தேவநாராயணர் விஷ்ணு.

ஒரு கிராமத்தில் இரவு பார்த்தேன். இரண்டு கம்பு நட்டு, இடையில் ஆள் உயரத் துணி கட்டியிருந்தார்கள். போபா என்கிற பாட்டுக்காரப் பூசாரி ராவணஹத்தா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு ஆடுகிறார், பாடுகிறார். அவர் மனைவி போபி கையில் எண்ணெய் விளக்கு. அவர் பாடுகிற இடத்துக்கு அந்த அம்மா விளக்கைக் கொண்டுபோவார். துணி முழுக்க இருட்டு, வட்டமாக ஓர் இடம் மட்டும் வெளிச்சம். அதில் ஒரு குதிரை. பாட்டு மாறியதும் விளக்கு நகரும், குதிரை இருட்டில் போய்விடும்.

நான் புத்திசாலி மாதிரி இடமிருந்து வலமாகப் படிக்கப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் பாபுஜியின் சபை, கதையின் ஆரம்பம் ஒரு பக்கம், முடிவு அதன் பக்கத்திலேயே. பிறகுதான் ஒருவர் விளக்கினார்: கதை எந்த வரிசையில் நடந்தது என்பது துணியில் இல்லை, எந்த இடத்தில் நடந்தது என்பதுதான் இருக்கிறது. அவரவர் ஊர் அவரவர் இடத்தில். வரிசை போபாவின் வாயில்.

கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். பில்வாரா, ஷாபுரா பக்கம் ஜோஷி குடும்பத்தார் வரைகிறார்கள். எல்லாம் முடிந்து கடைசியாகத் தெய்வத்தின் கண். அதுவரை அது துணி. கண் திறந்தபின் கோயில், தரையில் வைக்கக்கூடாது. பழசாகிக் கிழிந்தால் குப்பையில் போட மாட்டார்கள், புஷ்கர் ஏரியில் விடுவார்கள். 'குளிரவைப்பது' என்று அதற்குப் பெயர்.

#12 வைகைக்கரை

நம் ஊர் ஸ்தபதி கண் திறப்பது போலவே! உடம்பு சிலிர்த்தது, மணல்காடு.

#13 சித்திரகுப்தன்

கண் என்றதும் ஜார்க்கண்டில் சந்தால் பர்கனா பக்கத்து ஜாது பட்டுவாக்கள் என்ற படக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சாவு விழுந்த வீட்டுக்கு ஒரு படத்தோடு போவார்கள். இறந்தவரின் உருவம், எல்லாம் இருக்கும், கருவிழி மட்டும் இருக்காது. "உங்கள் ஆள் அந்த உலகத்தில் கண் தெரியாமல் தடுமாறுகிறார்" என்பார்கள். வீட்டார் ஏதாவது கொடுத்ததும் கருவிழியை வைப்பார்கள். சக்ஷுதானம். வியாபார தந்திரம் என்று சிரிக்கலாம். துக்க வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தால் சிரிப்பு வருமா என்று தெரியவில்லை.

என் பெயருக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தம் உண்டு. யமபடம் என்று பழைய சரக்கு ஒன்று: எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று வரைந்த துணி. முத்ராராட்சச நாடகத்தில் சாணக்கியரின் ஒற்றன் அதைத்தான் விரித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாக உளவு பார்ப்பான். யார் வீட்டுக்குள்ளும் விடுவார்கள் அல்லவா!

#14 ஹவுராமெயில்

யமபடம் இன்னும் இருக்கிறது. மேற்கு வங்கத்தில் மேற்கு மேதினிபூர் மாவட்டம், பிங்ளா பக்கம் நயா என்ற கிராமம். அங்கே பட்டுவாக்கள், எல்லோருக்கும் சித்ரகர் என்றுதான் குடும்பப் பெயர். சுருள் படத்தைக் கையில் பிடித்து ஒவ்வொரு கட்டமாகக் கீழே இறக்கிக்கொண்டு, விரலால் காட்டிப் பாடுவார்கள். சாயத்தில் வில்வப்பழப் பசை கலக்கிறார்கள். காகிதத்தின் முதுகில் பழைய சேலைத் துணியை ஒட்டுவார்கள், சுருட்டிச் சுருட்டிக் கிழியாமல் இருக்க.

பாம்புத் தெய்வம் மனசா தேவி கதையைத்தான் அதிகம் கேட்டேன். பாம்புக் கடியில் செத்த புருஷனோடு பெஹுலா தெப்பத்தில் ஏறித் தேவலோகம் வரை போகிற கதை. இரும்பு மணவறையில் ஒரு மயிரிழை ஓட்டை, அதன் வழியாகப் பாம்பு நுழைகிறது. வரைந்த பெண்மணி அந்த ஓட்டையை ஓட்டையாக வரையவில்லை, பாம்பைச் சுவருக்குப் பாதி வெளியே பாதி உள்ளே போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தொழுகையும் உண்டு, துர்க்கை பாட்டும் உண்டு.

#15 பச்சைமலை

முஸ்லிம்கள் எதற்கு நம் சாமியை வரையவேண்டும்? சும்மா கேட்கிறேன், சண்டை வேண்டாம்.

#16 ஹவுராமெயில்

சண்டை இல்லை தம்பி. தலைமுறை தலைமுறையாக அவர்கள் தொழில் அது, பாட்டு அப்பா அம்மாவிடம் கற்றது. மனசாவை அவர்களைவிட நன்றாகப் பாடுகிறவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் கேட்கப்போகிறவர்கள் அங்கே போவார்கள். போகவில்லையே.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பு சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு அதையும் சுருளாக வரைந்து பாட்டுக் கட்டிவிட்டார்கள். அலைக்கு முகம் வைத்திருக்கிறார்கள். ராட்சச முகம், பிதுங்கிய கண், பல். அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அதில் ஆளும் மாடும் வீடும். எங்கள் சித்தி வீடு நாகப்பட்டினம். அந்தப் படத்துக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டேன்.

#17 தெற்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. ஒரு படத்தைப் பற்றிக் கேட்டேன், ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். சித்திரகுப்தன் சொன்னபடி பார்த்தேன், அர்ஜுனன் ஒருவர்தான், வில் கையில் இருக்கிறது, நாண் தளர்ந்திருக்கிறது.

இப்போது இரண்டாவது படம். இரண்டு குதிரை வீரர்கள். ஒருவர் கறுப்பு, அவர் குதிரை வெள்ளை. இன்னொருவர் வெள்ளை, குதிரை கறுப்பு. நடுவில் தலையில் பானையோடு ஒரு பெண், கையை நீட்டுகிறாள். அம்மாவுக்கு இந்தப் படம்தான் பிடித்திருக்கிறது, காரணம் சொல்லத் தெரியவில்லை.

#18 சித்திரகுப்தன்

காஞ்சி காவேரி! தமிழ்நாட்டுக்காரர் கைக்கு இந்தப் படம் வந்தது பொருத்தம்தான்.

15ஆம் நூற்றாண்டில் ஒடிசாவை ஆண்ட கஜபதி புருஷோத்தம தேவருக்குக் காஞ்சி அரசன் மகள் பத்மாவதியை நிச்சயம் பேசுகிறார்கள். தேரோட்டத்தில் கஜபதி மன்னர் தங்க விளக்குமாற்றால் தேரைப் பெருக்குவது அங்கே வழக்கம். அதைக் கேள்விப்பட்ட காஞ்சி அரசன், "பெருக்குகிறவனுக்கா என் பெண்?" என்று மறுத்துவிடுகிறான். புருஷோத்தமர் படையெடுத்துத் தோற்கிறார். ஜகந்நாதரிடம் அழுகிறார். மறுபடி படை கிளம்புகிறது.

ஜகந்நாதரும் பலபத்திரரும் சாதாரண வீரர்கள் வேடத்தில் முன்னாலேயே குதிரையேறிப் போகிறார்கள். கறுப்பு ஆள் ஜகந்நாதர், வெள்ளை ஆள் அண்ணன் பலபத்திரர். வழியில் தாகம். மாணிக்கா என்ற தயிர்க்காரி எதிரில் வருகிறாள். வாங்கிக் குடிக்கிறார்கள், கையில் காசில்லை. விரல் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, "பின்னால் ராஜா வருவார், இதைக் காட்டிக் காசு வாங்கிக்கொள்" என்று போய்விடுகிறார்கள். ராஜா வந்து மோதிரத்தைப் பார்க்கிறார். யாருடையது என்று தெரிந்துவிடுகிறது.

உங்கள் படத்தில் இருப்பது அந்த மோதிரம் கைமாறுகிற கணம். சண்டையை விட்டுவிட்டு இந்தத் தயிர்க்காரியைத்தான் பெரும்பாலும் வரைகிறார்கள். இளவரசி பத்மாவதியைப் பற்றிய மிச்சக் கதை: ராஜா ஜெயித்து, கோபத்தில், இவளை ஒரு பெருக்குகிறவனுக்கே கட்டிவை என்று மந்திரியிடம் ஒப்படைக்கிறார். மந்திரி காத்திருக்கிறார். தேரோட்டம் வருகிறது. ராஜா விளக்குமாற்றோடு தேரில் நிற்கும்போது, "இதோ பெருக்குகிறவர்" என்று பெண்ணைக் கையில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்.

#19 மெய்யப்பன்

நான் காஞ்சிபுரத்துக்காரன். பிறந்து வளர்ந்ததெல்லாம் அங்கேதான். எங்கள் ஊர் ராஜா தோற்றுப்போன கதை ஒடிசாவில் திண்ணைக்குத் திண்ணை தொங்குகிறது, எனக்கு ஒரு வார்த்தை தெரியாது! இதை எங்கே போய்ச் சொல்வது.

மந்திரி செய்ததுதான் நாகரிகம். எங்கள் ஊர் அரசன் பேசியது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மூலம் எது என்று கேட்கமாட்டேன், போதும்.

#20 வைகைக்கரை

ஐயா விழுந்துவிட்டார். :)

ஒரு சந்தேகம். நம் பக்கம் துணியில் கதை எழுதுவது இல்லையா? தஞ்சாவூர்ப் படத்தைச் சொல்லவில்லை. அது தங்கரேக்கும் பலகையுமாகப் பூசையறைச் சாமி, கதை சொல்லாது.

#21 கடுக்காய்

இருக்கிறது, நாம்தான் அண்ணாந்து பார்ப்பதில்லை. கருப்பூர் கலம்காரி. கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் வரைகிறார்கள். நாயக்கர், மராட்டியர் காலத்தில் ஆதரவு பெற்றது. 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுவரில் மாட்டுகிற சாமான் இல்லை அது, கோயிலுக்கானது. தேரின் பக்கங்களிலும் மண்டபத்திலும் குழாய்போலத் தொங்குமே தொம்பை, அது. சாமிக்கு மேலே விதானமாகக் கட்டுகிற அஸ்மானகிரி, வாசலில் தோரணம். இப்போது பல கோயில்களில் பளபள ரெக்சினில் தைத்துத் தொங்கவிடுகிறார்கள். மலிவு, மழைக்குத் தாங்கும், யாரைக் குறை சொல்ல?

சுவரில் வேண்டுமானால் திருவாரூர் போங்கள். தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை, கீழே தமிழிலேயே எழுதியிருக்கிறது. குரங்கு முகத்தோடு ஒரு ராஜா சபையில் உட்கார்ந்திருப்பார், தேடிக் கண்டுபிடியுங்கள். கழுத்து வலிக்கும்.

#22 தெற்குவாசல்

நவகுஞ்சரக் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் எழுந்து பார்த்தால் பூதக்கண்ணாடியோடு படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். "நவ என்றால் ஒன்பது. எட்டுதான் இருக்கிறது, எண்ணிப்பார்" என்றார். எண்ணினேன். சேவல், மயில், காளை, சிங்கம், பாம்பு, யானைக்கால், புலிக்கால், மான்கால். எட்டுதான் வந்தது.

அம்மா அடுப்படியிலிருந்தே, "அந்தக் கையை யார் எண்ணுவது?" என்றாள்.

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

சரி, ஒரு நடைமுறைக் கேள்வி. சட்டம் போடலாம் என்று இருக்கிறேன். கண்ணாடி துணியை ஒட்டி இருக்கலாமா?

#23 கடுக்காய்

ஒட்டக்கூடாது. புளியங்கொட்டைப் பசையில் சுண்ணப்பொடி சேர்த்துப் பூசிய துணி, மேலே அரக்கு மெருகு இருக்கும். வெயில் காலத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது சாயமும் கூடவே வரும். சுற்றிலும் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மடித்து வைக்கவும் வேண்டாம், மடிப்பில் வெடிக்கும். குளியலறைச் சுவரில் மாட்டாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, ஆனால் அதன் மறுபக்கச் சுவரிலும் வேண்டாம், ஈரம் ஏறும்.

#24 மெய்யப்பன்

தெற்குவாசல், அந்தத் தயிர்க்காரி படம் மாதிரி ஒன்று எனக்கு வேண்டும். அடுத்த வருடம் தேரோட்டத்துக்குப் பூரி போகலாம் என்று வீட்டில் பேச்சு. ரகுராஜ்பூரில் எந்த வரிசை, எத்தனையாவது வீடு என்று நினைவிருக்கிறதா?